பெண் பார்க்கப் போய் ஆண்டெனா பிடித்த கதை

பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மொட்டை மாடியைப் பார்த்த மாப்பிள்ளை மதுரை வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இப்போது டிஷ் மாட்டப் போகிற தம்பிகள் என்னிடம் வந்து, "அண்ணே, ஒங்க காலத்துல இம்புட்டு டென்ஷன் உண்டா?" என்று கேட்கிறார்கள். அட போங்கப்பா. டென்ஷன் என்றால் என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள்.

1. கடை வாசல்

எண்பதுகளின் பின்பாதி. கொடைக்கானல் மலையில் டவர் வைத்து, மதுரைக்கு டிவி தெரிய ஆரம்பித்திருந்த சமயம். கோரிப்பாளையத்தில் ஒரு டிவி கடையில் நான் மெக்கானிக். பேரையூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். ஐ.டி.ஐ.யில் ரேடியோ படித்துவிட்டு டவுனுக்கு வந்தவன். ஆள் ஒல்லி. கண்ணில் சோடாபுட்டிக் கண்ணாடி. சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு இந்தித் தொடர் வரும். அதில் ஒரு துப்பறியும் அதிகாரி. நல்ல உயரம், தோல் கோட்டு, கையில் துப்பாக்கி. அவர் கூடவே இன்னொரு ஆள் வருவார். ஒல்லி, சோடாபுட்டி, கையில் ஒரு பெட்டி. பூட்டைத் திறக்க வேண்டுமா, ஒட்டுக்கேட்க வேண்டுமா, வெடிகுண்டை நிறுத்த வேண்டுமா, பெட்டியைத் திறந்து இரண்டு வயரை முறுக்குவார், வேலை முடிந்துவிடும். உடனே அதிகாரி கோட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடப்பார். இவர் பெட்டியை மூடிக்கொண்டு பின்னால் ஓடுவார்.

ரோட்டில் போகிற வருகிற சனம் பூராவும் எங்கள் கடை வாசலில் நின்று பார்க்கும். ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. முதலாளியின் தம்பி பாஷா வீட்டில் உருது பேசுகிறவன், இந்தி அவனுக்குப் புரியும். ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு கூட்டத்துக்குத் தமிழில் சொல்வான்.

பாஷா வாயால் கேட்டால் கண்ணாடிக்காரர்தான் கதாநாயகன். "அதிகாரி கேக்குறாரு, இப்ப என்னய்யா செய்றதுன்னு. நம்ம கண்ணாடி சொல்றாரு, சார், நீங்க துப்பாக்கிய எடுக்குறதுக்குள்ள நான் யோசிச்சு முடிச்சிட்டேன், கொஞ்சம் ஓரமா நில்லுங்கன்னு!" கூட்டம் விசிலடிக்கும்.

அதோடு என் பெயர் போயிற்று. எல்லோருக்கும் நான் 'கண்ணாடி'. ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் வந்து நின்றுகொண்டு, "ஏப்பா கண்ணாடி, அவரு கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள பாம நிப்பாட்டுறாரு, நீ ஒரு டிவிய ஒரு வாரமா வச்சுக்கிட்டு உருட்டுற?" என்பார்கள்.

"அவருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் மெட்ராஸ்லருந்து வர வேண்டியதில்லங்க" என்பேன் எரிச்சலாக.

வெளியேதான் எரிச்சல். உள்ளுக்குள் அந்தக் கண்ணாடிக்காரர் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். நம் தொழில்காரர் ஒருத்தர் டிவியில் வருகிறார், துப்பாக்கிக்காரனையே ஓரமாக நிற்கச் சொல்கிறார், சும்மாவா? திங்கட்கிழமை கடைக்கு நான் வருகிற நடையே வேறாக இருக்கும்.

2. இன்ஜினியர்

தங்கையா மாமா, என் அம்மாவின் தம்பி, சோழவந்தானில் ஒரு பெண் இருக்கிறது என்று போட்டோ கொண்டுவந்தார். பெயர் மல்லிகா. ஆரம்பப் பள்ளி டீச்சர். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். போட்டோவில் அந்தப் பெண் சிரிக்கவில்லை, போட்டோக்காரரை முறைத்துக்கொண்டிருந்தது. அந்த முறைப்பு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த இடம் அமையாவிட்டால் என்ன செய்வேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆனால் பெண்ணின் அப்பா, உத்தியோகத்தில் இருக்கிற மாப்பிள்ளைக்குத்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். மாமா கொஞ்சமும் கூசாமல், மாப்பிள்ளை டிவி இன்ஜினியர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"என்ன மாமா இது? பொய்யச் சொல்லியா பொண்ணு கட்டுறது?"

"ஏலேய், டிவிய நோண்டுறவன்தான? அதுக்கு இங்கிலீசுல அதுதான் பேரு. நீ வாயத் தொறக்காம வா. அந்தப் பையி, டெஸ்டரு, ஸ்பேனரு ஒண்ணும் வரக் கூடாது. மாப்ளையா வா, மெக்கானிக்கா வராத."

தொழிலுக்கு வந்த பிறகு பை இல்லாமல் நான் வீட்டை விட்டு இறங்கியது அன்றைக்குத்தான். துணைக்குப் பாஷாவும் வந்தான்.

இதில் ஒரு கூத்து. அன்றைக்கு அந்தத் தொடரின் கடைசி வாரம். முந்தின வாரம் கண்ணாடிக்காரரை ஒரு அறையில் வெடிகுண்டு பக்கத்தில் நிறுத்திவிட்டு 'தொடரும்' போட்டுவிட்டார்கள். நல்ல நேரம் குறித்த பெரியவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தாரே ஒழிய டிவி நேரத்தைப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நின்றன.

3. மாடி

நாங்கள் போனபோது வீடு கொள்ளாத கூட்டம். எங்களை வரவேற்கத்தான் என்று மாமா பூரித்துப்போனார். கிட்டப் போனால் அத்தனை பேரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். டிவியில் படம் இல்லை, வெறும் புள்ளி.

"நேத்து வரைக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சுங்க" என்று பெண்ணின் அப்பா தவித்தார். அப்புறம் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம மாப்ள டிவி இன்ஜினியருல்ல! என்னன்னு பாருங்க மாப்ள."

மாமா குறுக்கே விழுந்தார். "இன்ஜினியருங்க ஆபீசுலதான பாப்பாக, அவுக எதுக்கு மாடிக்கெல்லாம்..."

அவர் முடிப்பதற்குள் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதிப் படி ஏறியிருந்தேன். புள்ளியடிக்கிற டிவியைப் பார்த்த பிறகு எனக்குக் கால் தரையில் நிற்காது. மாடியில் காரணம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று வீட்டிலிருக்கிற போர்வையெல்லாம் துவைத்து, ஆண்டெனாக் குழாயில் கொடி கட்டிக் காயப்போட்டிருக்கிறார்கள். ஈரப் பாரத்தில் குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் நெகிழ்ந்து, கொடைக்கானலைப் பார்க்க வேண்டிய ஆண்டெனா மதுரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

போர்வையை அவிழ்த்துவிட்டு ஆண்டெனாவைத் திருப்பினேன். நான் மேலேயிருந்து கேட்க, கீழே முற்றத்தில் நின்று டிவியைப் பார்த்துப் பாஷா பதில் சொன்னான்.

"தெரியுதா?"

"கோடு கோடா வருது மாப்ள!"

"இப்ப?"

"ஆளு தெரியுது, ஆனா ரெண்டு தல!"

"இப்ப?"

"வந்துருச்சு, வந்துருச்சு! கைய எடுத்துராத!"

எடுத்தேன், படம் போயிற்று. வீடே "ஏய்ய்ய்!" என்று கத்தியது. திரும்பப் பிடித்தேன். ஸ்பேனர் இருந்தால் கிளாம்பை இறுக்கிவிட்டு இறங்கிவிடலாம். என் ஸ்பேனரோ மாமா புண்ணியத்தில் கோரிப்பாளையத்தில் கிடந்தது.

"வீட்டுல ஸ்பேனர் இருக்குதாங்க?" என்று கத்தினேன்.

"கொடிக்கால் மோட்டார் ரூம்புல கெடக்கு மாப்ள. படம் முடியட்டும், எடுத்தாரேன்" என்றார் பெண்ணின் அப்பா. கடைசி வாரம் பாருங்கள், டிவியை விட்டு எவரும் எழுந்திருக்கத் தயாராக இல்லை.

ஆக, பெண் பார்க்க வந்தவன் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். பாஷா கூடத்துக்குள் போய் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டான். "அதிகாரி சொல்றாரு, நான் கெளம்புறேன்னு. கண்ணாடி சொல்றாரு, தாராளமாப் போங்க சார், இந்த பாமெல்லாம் எனக்குத் தீவாளிப் பட்டாசுன்னு!"

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். "அவரு அப்பிடிச் சொல்லலண்ணே."

அதே குரல் தொடர்ந்தது. "எனக்கு இந்தி தெரியும், பரீட்சையெல்லாம் எழுதிருக்கேன். 'சார், பயமா இருக்கு, விட்டுட்டுப் போகாதீங்க'ன்னு சொல்றாரு. அந்தாளு 'ஒன் வேல அதுதான'ன்னுட்டுப் போறாரு. எல்லா வாரமும் அவரைக் கேலிதான் பண்றாக. நீங்களா எதையோ சொல்றீக."

எனக்குக் கை தளர்ந்துவிட்டது. படம் ஆடியது, கத்தினார்கள், பிடித்தேன். இத்தனை மாதம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததெல்லாம் பாஷா கட்டிய கதையை நம்பியா? அழுகையே வந்துவிட்டது.

பாஷா தணிந்த குரலில் சொன்னது முற்றம் வழியாக மாடி வரைக்கும் கேட்டது. "தெரியும் தங்கச்சி. எங்க கடையில அதே மாதிரி ஒரு கண்ணாடி இருக்கான். வாசல்ல அம்புட்டுப் பேரு நிக்கையில அவன் முன்னாடி அதையா சொல்லச் சொல்றீக? மனசு வரல. அதான் நானா வசனம் போட்டேன்."

"யாரு அது?"

"மேல ஆண்டெனாவப் பிடிச்சிட்டு நிக்கிறான்ல, அவந்தான். இன்ஜினியரெல்லாம் கெடையாது, மெக்கானிக்கு. ஆனா அவன மாதிரி மெக்கானிக்கு மதுரையில நான் பாத்ததில்ல."

"போச்சு, போச்சு" என்றார் மாமா.

"மெக்கானிக்கா?" என்றார் பெண்ணின் அப்பா.

இனி மறைக்க என்ன இருக்கிறது? "ஆமாங்க, மெக்கானிக்குதான்!" என்று மேலேயிருந்தே கத்தினேன். இறங்கி வாசலைப் பார்த்து நடடா என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அத அப்பறம் பேசுவோம்" என்றார் அவர். "இப்பக் கைய எடுத்துராதீக."

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் கொலுசுச் சத்தம். பாதிப் படியில் நின்றால் முற்றத்து ஜன்னல் வழியாக டிவி தெரியும் போலிருக்கிறது. அங்கிருந்தே மல்லிகாவின் குரல் வந்தது. "எல்லாருக்கும் படத்தக் காட்டிட்டு நீங்க பாக்காம நிக்கிறீகளே. நான் சொல்றேன். உள்ளத மட்டுந்தான் சொல்வேன்."

"சொல்லுங்க" என்றேன். பூ வைத்த தலை மட்டும் தெரிந்தது.

"அழுறாரு. கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறாரு. எந்த வயருன்னு தெரியல அவருக்கு. கை நடுங்குது. ஒண்ண வெட்டப் போறாரு... வெட்டிட்டாரு. நின்னுருச்சு!"

கூடத்தில் கைதட்டல். நானும் தட்டியிருப்பேன், கை காலியாக இல்லை.

"இப்ப அதிகாரிக்கு மெடல் குத்துறாக."

"கண்ணாடிக்காரரு?"

"காட்டல."

"நல்லாப் பாருங்க, பின்னாடி கூட்டத்துல எங்கயாச்சும் நிப்பாரு."

"இல்ல. முடிஞ்சிருச்சு."

மல்லிகா மீதிப் படியும் ஏறி மேலே வந்தாள். வேர்வையில் என் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது, தூக்கிவிடக் கையில்லை. போட்டோவில் பார்த்த அதே முறைப்போடு என்னைப் பார்த்தாள்.

"படந்தான் முடிஞ்சிருச்சே. இன்னும் ஏன் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீக?"

"இல்லங்க... அடுத்து எதாச்சும் வரும். ஒங்கப்பா பாப்பாரு."

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கீழே குனிந்து சத்தம் கொடுத்தாள். "அப்பா, போயி ஸ்பேனர எடுத்துட்டு வாங்க. இவரு எறங்கி வரட்டும், நான் காப்பி கொண்டுவரணும்."

எங்கள் பக்கம் பெண் தன் வாயால் இப்படிச் சொன்னால் சம்மதம் என்று அர்த்தம், அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஸ்பேனரை அவள் அப்பாவே மாடிக்குக் கொண்டுவந்தார். நான் குழாயைப் பிடித்துக்கொள்ள, அவர் இறுக்கினார்.

தம்பிகளா, நான் கற்றது இவ்வளவுதான். எங்கே போனாலும், யார் தடுத்தாலும், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போங்கள். என்ன தொழில் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கூடவே பாஷா மாதிரி ஒரு சிநேகிதனைச் சம்பாதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சண்டைப் படம் ஓடினால், முடிந்ததும் யாரும் சேனலை மாற்ற முடியாது. ரிமோட் மல்லிகா கையில் இருக்கும். பெயர்கள் ஓடி, கதாநாயகன் பின்னால் பெட்டி தூக்கி வருகிற ஆளின் பெயரையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் தருவாள்.