அலெக்சாண்டர் கொடுத்த வாக்கு

திருமயம் பஸ் ஸ்டாப்பில் அலெக்சாண்டரைப் பற்றிய புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு பெண், கையில் போன். போர் நடக்கும் நாட்டில் லாரி ஓட்டும் அவர் கணவரைப் பத்திரமாக ஊருக்கு அனுப்பிவிடுவதாக அங்குள்ள படையினர் சொன்னார்களாம். காலையிலிருந்து கணவரிடமிருந்து போன் இல்லை.

"என்ன கதைங்க?" என்கிறார்.

"இப்ப பாகிஸ்தான்ல இருக்கிற சுவாத் ஆத்துப் பள்ளத்தாக்குச் சனங்க அலெக்சாண்டரை எதிர்த்து நின்ன கதைங்க. கோட்டை விழுந்துருச்சு. கூலிக்குச் சண்டைபோட வந்த வெளியூர்க்காரங்களை விட்டுர்றேன்னு வாக்குக் கொடுக்கிறான்."

"விட்டானா?"

அன்றிரவே அவர்களைச் சுற்றி வளைத்துக் கொன்றுவிட்டான் என்று எழுதியிருக்கிறது.

"அது வரைக்கும் படிக்கலைங்க." புத்தகத்தை மூடுகிறேன்.

புதுக்கோட்டை பஸ் வருகிறது. அவர் எழுந்திருக்கவில்லை.

"ஓடுற பஸ்ல சிக்னல் போயிரும். நான் அடுத்ததுல வாரேன், நீங்க போங்க."

நானும் போகவில்லை.