அஸ்திவாரத்தில் கிடக்கும் தக்காணம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பாலக்கரை மாதா கோயிலிலிருந்து வெளியே வந்தபோது, எங்கள் கல்லூரிப் பியூன் சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தார். "சார், நம்ம சௌரிராஜன் சார் தவறிட்டாருங்க. காலைல, ஸ்ரீரங்கத்து வீட்லயே" என்றார். கொள்ளிடக் கரையில் எல்லாம் முடிந்து திரும்பும்வரை எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கல்லூரி நடத்திய இரங்கல் கூட்டத்துக்குப் பிறகு அது இரண்டு மடங்காகிவிட்டது. அங்கே என்னைப் பேச விடவில்லை. அதனால், அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

அவர் நிலவியல் விரிவுரையாளர். நான் பௌதிகம். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி. ஒரு காலத்தில் மேற்கே தரை பிளந்து, தீக்குழம்பு வெள்ளம்போல் வழிந்து, ஆறி, அதன்மேல் மறுபடி வழிந்து, தக்காணத்தின் பெரும்பகுதி கறுப்புப் பாறையாகப் படிந்துபோனது. அதுதான் அவருடைய பைத்தியம். கோடை விடுமுறை விட்டதும் பூனாவுக்கு ரயில் ஏறிவிடுவார். அங்கே மலைச்சரிவில் அடியிலிருந்து உச்சிவரை படிவுக்கு ஒரு கல் உடைத்து, வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டு, சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். "நம்ம பசங்க எந்தக் காலத்துல அங்க போய்ப் பார்க்கறது? மலையை இங்க கொண்டுவந்துட வேண்டியதுதான்" என்பார். சொன்னபடியே ஓர் அறை நிறையக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கியும் வைத்தார்.

அவர் பொறுமை இழந்து நான் பார்த்தது ஒரே விஷயத்தில்தான். புதிதாகச் சேர்ந்த மாணவர்களில் எவனாவது ஒருவன், "மலைக்கோட்டையும் எரிமலைதானே சார்?" என்று கேட்டுவிடுவான். "இல்லவே இல்லை! அது பூமிக்கடியில ஆழத்துல வெந்து இறுகின கல். எந்த எரிமலையும் கக்கினது இல்லை. நான் செத்தா அதையாவது ஞாபகம் வெச்சுக்கோங்கோடா" என்று கத்துவார். அடுத்த அறையில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் எனக்கும் கேட்கும்.

ஒரு நவராத்திரிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கொலுவில் பொம்மைகளோடு படிக்கு ஒரு கறுப்புக் கல் உட்கார்ந்திருந்தது. கீழ்ப்படியில் மூத்த படிவு, மேல்படியில் இளையது. சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டு மாமி, "இதென்னடி, கொலுவுல ஜல்லி கொட்டியிருக்கே?" என்றாள். அவர் மனைவி ரங்கநாயகி அம்மாள் அசரவில்லை. "என் பொம்மை களிமண்ணு மாமி. அவர் பொம்மை நெருப்பு" என்றார். கறுப்புக் கற்களுக்கு நடுவே ஒன்று மட்டும் செங்கல் நிறத்தில் இருந்தது. அது என்ன என்று சௌரிராஜனிடம் கேட்டேன். "ஒரு குழம்பு ஆறி, மண்ணாகி, செடிகொடி முளைச்சப்புறம் அடுத்த குழம்பு வந்து சுட்ட மண் ஓய் அது. எல்லாரும் எரிஞ்சதையே பேசறா. ஆறிக் கிடந்த காலம்தான் ஜாஸ்தி. நீரும் இருக்கீரே, ஆறவே தெரியாம" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சென்ற ஆண்டு கல்லூரியில் புது மண்டபம் கட்டத் தொடங்கினார்கள். அவர் பூனாவில் இருந்த சமயம், சிமெண்டு மூட்டை அடுக்க இடம் வேண்டுமென்று அவருடைய கல் அறையைக் காலி செய்தார்கள். கற்கள் அத்தனையும் அஸ்திவாரக் குழிக்குப் போயின. கொத்தனாரை நான் குறை சொல்லமாட்டேன். போடச் சொன்னவர் நிர்வாகி. செய்தி தெரிந்து அவரிடம் போய்ச் சத்தம் போட்டேன். "கருங்கல்தானே சார்? திருச்சியில கல்லுக்கா பஞ்சம்? வேணும்னா ஒரு லோடு இறக்கிடறேன், விடுங்க" என்றார். மலைக்கோட்டையைப் பார்த்தே வளர்ந்த ஊர். இங்கே கல் என்றால் எல்லாம் ஒரே கல்தான்.

சௌரிராஜன் புது மூட்டையோடு வந்து இறங்கியபோது குழியில் கான்கிரீட் இறுகியிருந்தது. மூட்டையை அவிழ்த்து, பக்கத்து ஜல்லிக் குவியலிலேயே கொட்டினார். "வரிசை போனா அது வெறும் கல்லுதான். விடும் ஓய்" என்றார். அப்படி விட்டுக்கொடுத்ததற்காக அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஊர் கூட்டிக் கேட்டிருக்க வேண்டாமா? இந்தக் கோடையில் அவர் பூனா டிக்கெட் வாங்கவில்லை. கல்லூரி திறந்ததும் கரும்பலகையில் கோடு கிழித்துப் பாடம் நடத்தினார்.

இரங்கல் கூட்டம் அதே மண்டபத்தில் நடந்தது. நிர்வாகிதான் படத்துக்கு மாலை போட்டார். பிறகு தீர்மானம் வாசித்தார்: "நமது மலைக்கோட்டை ஓர் எரிமலையே என்பதை நிலைநாட்டிய மேதையின் மறைவுக்கு…" நான் எழுந்து, "தப்பு! அவர் சொன்னது அதுக்கு நேர்மாறு" என்றேன். பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "துக்கத்துல வந்து சண்டை எதுக்குங்க? உட்காருங்க." யாருக்குத் துக்கம்? உயிரோடு இருந்தபோது அவருடைய கல்லைப் புதைத்தவர்கள், செத்த பிறகு சொல்லையும் புதைத்துவிட்டு, எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். வெளியே காப்பி கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை.

நேரே ஸ்ரீரங்கம் போனேன். இந்த ஆண்டு அந்த வீட்டில் கொலு கிடையாது. கறுப்புக் கற்களைக் கொலு முடிந்ததும் அவர் கல்லூரி அறைக்கே திருப்பி எடுத்துப் போயிருந்தார். சிவப்புக் கல் மட்டும் பொம்மைப் பெட்டியில், வைக்கோலுக்குள் தங்கிப்போய்த் தப்பியிருந்தது. ரங்கநாயகி அம்மாள் அதை எடுத்து என் கையில் வைத்தார். "இதைக் காட்டித்தானே உங்களைக் கேலி பண்ணினார்? நீங்களே வெச்சுக்கோங்கோ அண்ணா."

இப்போது அது என் வகுப்பு மேசையில் இருக்கிறது. பௌதிக வகுப்பாயிற்றே என்று நான் பார்ப்பதில்லை. கல்லை எடுத்துக் காட்டி, மலைக்கோட்டை எரிமலை இல்லை என்று சொல்கிறேன். எரிமலைக் கல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் புது மண்டபத்துக்குப் போய்த் தரையைத் தோண்டுங்கள் என்றும் சொல்கிறேன். நிர்வாகி கூப்பிட்டுக் கண்டித்தார். மறுநாளும் சொன்னேன். ஆறக் கற்றுக்கொள்ளும் என்றுதான் சௌரிராஜன் எனக்கு அந்தக் கல்லைக் காட்டினார். மற்றதெல்லாம் ஆறட்டும். இது ஆறாது ஓய்.