தீயணைப்பு வண்டிக்காகப் போன மாமா

எங்கள் மாமாவுக்கு அமெரிக்காவைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் நியூ ஹாம்ஷயர் என்ற அந்தச் சின்ன மாநிலத்தைப் பற்றி மட்டும் யாரும் ஒரு சொல் குறைவாகச் சொல்லிவிடக்கூடாது. அம்மாவின் தம்பியான அவர், அங்கே ஒரு மலையடிவாரத்து ஊரில் தனியாக இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை பத்து மணித்தியாலம் கார் ஓட்டி, கனடாவில் ஸ்காபரோவில் இருந்த எங்களிடம் வருவார்.

வந்த மறுநாளே கடையில் வழக்குத் தொடங்கிவிடும். அவருடைய மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. "சாமானில ஒரு விலை, கவுண்டரில இன்னொரு விலையே? எங்கட பக்கம் எழுதின விலைதான் விலை, பிள்ளை" என்று, அந்தச் சட்டத்தைத் தானே எழுதியவர் போலச் சொல்வார். காசு வாங்கும் தமிழ்ப் பெண் சிரித்துக்கொண்டே பதின்மூன்று வீத வரியையும் வாங்கிக்கொள்வாள். அப்பா யாரோ போலத் தள்ளி நிற்பார். எனக்கு மாமா ஒரு பெரிய வீரர்.

என் பத்தாவது பிறந்தநாள் மார்ச் விடுமுறையில், ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கேக் வெட்டும்போது மாமா பக்கத்தில் நிற்கவேண்டும் என்று மாதக்கணக்காக அடம்பிடித்திருந்தேன். அவரும் அதற்காகவே வந்திருந்தார். திங்கள் காலை அவருடைய அயலவர் ஒருவர் ஃபோன் எடுத்தார். அடுத்த கிழமை என்று மாமா நினைத்திருந்த ஊர்க்கூட்டம் மறுநாளாம்.

அந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில் அப்படியொரு வழக்கம். வருடத்தில் ஒரு நாள் ஊரார் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடி, வீட்டு வரியைக் கூட்டுவதா, எதற்குச் செலவழிப்பது என்று கைதூக்கித் தீர்மானிப்பார்கள். அந்த வருடம் புதுத் தீயணைப்பு வண்டி வாங்குவதா இல்லையா என்பது பேச்சு. வாங்கினால் மாமாவின் வரியும் ஏறும். மாமாவோ வாங்கவேண்டும் என்ற கட்சி.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, உனக்கென்ன விசரே? இஞ்ச பதின்மூண்டு வீதத்துக்குச் சண்டை பிடிக்கிறாய். அங்க வரியைக் கூட்டச் சொல்லிக் கைதூக்க இந்தப் பனிக்குள்ள ஓடப்போறியோ?"

"அது வேற அக்கா. அங்க என்னைக் கேட்டுத்தானே கூட்டுகினம்" என்றார் மாமா. "பழைய வண்டி ஏத்தத்தில நிண்டிடுது. நான் எழும்பி நாலு சொல்லுச் சொல்லவேணும்."

நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். மாமா வெளியே நின்று கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்தார். மத்தியானத்துக்கு முன்பே புறப்பட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பின்னேரம், கேக்கை வைத்துக்கொண்டு நாங்கள் நின்ற நேரத்தில் மாமா அழைத்தார். அம்மா ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். வாழ்த்தெல்லாம் முடிந்ததும், வண்டி வாங்கியாகிவிட்டதா என்று அப்பா கிண்டலாகக் கேட்டார்.

"தோத்திட்டம் அத்தான்" என்றார் மாமா. குரலில் அப்படியொரு சந்தோஷம். "எழும்பிக் கதைச்சனான். பன்னிரண்டு கையால தோத்திட்டம். பிறகு எல்லாரும் ஒண்டா இருந்து சூப் குடிச்சம். எனக்கு எதிராக் கதைச்ச மனுசன்தான் என்ர காரில கிடந்த பனியைத் தட்டிவிட்டது."

அப்பா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இலங்கையில் எங்கள் ஊரில் இருந்த காலத்தில், ஒரு கூட்டத்தில் எழுந்து மாற்றுக் கருத்துச் சொன்ன மாமாவின் சிநேகிதர் அன்று வீடு திரும்பவேயில்லை என்பதை அம்மா எனக்குச் சொல்லப் பல வருடங்கள் ஆயின. அன்றைக்கு என் கவலையெல்லாம் என் பிறந்தநாள் மட்டும்தான். ஃபோனுக்குக் கிட்டப் போய், "தோக்கிறதுக்கே மாமா போனனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை" என்றார் மாமா. "தோத்திட்டு வீட்டை வந்திட்டன்."