டீச்சர்களுக்கு நான் டீச்சராக இருந்தபோது

பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்றால் டீச்சரைத் திட்டுவார்கள். டீச்சருக்குச் சொல்லித்தர வரவில்லை என்றால் திட்டுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைப்பார்கள், அந்த ஆளுக்குப் பெயர் பயிற்சியாளர்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் தொண்ணூற்றொன்பதிலிருந்து ஏழு வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் அந்த வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு, சாயங்காலம் இரண்டு மணி நேரம், ஊருக்குள்ளேயே ஒரு வகுப்பு. அந்தந்த ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்கள்தான் டீச்சர். மாதம் இரண்டு நாள் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பேன். மற்ற நாட்களில் டவுன் பஸ் பிடித்து ஊர் ஊராய்ப் போய் வகுப்பைப் பார்ப்பேன். நடுவில் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், அடுத்த வருஷமே திரும்பச் சேர்த்தார்கள். ரிஜிஸ்டரில் மாவட்டத்தின் பெயரை அடித்து அடித்து எழுதினோம். ஆறுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை எந்த மாவட்டத்திலும் அப்படியேதான் இருந்தது. அடுத்தவர் பிள்ளைக்கு ஒரு கழித்தல் கணக்காவது சொல்லிக் கொடுத்துத் தொண்டை கட்டியவரா நீங்கள்? அப்படியென்றால் நம்ம ஆள்தான். மேலே படியுங்கள்.

கிறுக்கல் எழுத்து

முதல் பயிற்சி பெரம்பலூரில், முகூர்த்தம் இல்லாத நாளில் கிடைத்த ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இருபது பெண்கள். நானே கண்டுபிடித்த கிறுக்கல் எழுத்தில் கரும்பலகையில் நாலு வரி எழுதினேன். வட்டம் போட்டால் 'க', கொக்கி போட்டால் 'ம' என்று ஒரே தடவை வேகமாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொருத்தியாக எழுப்பிப் படிக்கச் சொன்னேன். தடுமாறியவர்களை, "இதுகூடத் தெரியாதா? சோறுதான திங்கிற? போய்க் கடைசியில உக்காரு" என்று விரட்டினேன். படிப்பு வராத பிள்ளைக்கு வகுப்பில் எப்படி இருக்கும் என்று காட்டுகிற விளையாட்டு இது. பத்து நிமிஷத்தில் உண்மையைச் சொல்லிவிடுவேன், எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

சிரித்தார்கள். ரஞ்சன்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த தமிழரசி மட்டும் அழுதாள். பத்தொன்பது வயசு. மத்தியானச் சாப்பாடு வந்தும் அழுகை நிற்கவில்லை. எழுத்தே பொய் எழுத்து, அது தெரியாததில் என்ன அவமானம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குத் தெரியலன்னு அழலைங்க மேடம். எந்தம்பிக்கு வூட்ல நாந்தான் சொல்லிக் குடுத்தேன். எழுத்து வரலன்னு கரண்டியக் காய வச்சு இழுத்துட்டேன். அவன் இப்ப பள்ளிக்கூடமே போறதில்லைங்க."

மழையாகக் கொட்டியவள்

கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஊரில் மாலதி என்ற பெண் வகுப்பு நடத்தினாள். கெட்டிக்காரி, நான் சொன்னதை அப்படியே செய்வாள். அவளிடம் ராணி என்று நாலாம் வகுப்புப் பிள்ளை வந்தது. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மூச்சு விடாமல் படிக்கும். இவளை ஏன் பின்தங்கியவள் என்று அனுப்பினார்கள் என்று மாலதிக்குச் சந்தேகம். நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி, நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டு இது என்ன என்று கேட்டிருக்கிறாள். ராணி பாடத்தை முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்து, அந்த வார்த்தை வந்ததும் நிறுத்தியிருக்கிறாள். ஒரு எழுத்துகூடத் தெரியாது. காதில் விழுந்ததையெல்லாம் மூன்று வருஷமாக மனப்பாடம் செய்து சமாளித்திருக்கிறது.

புத்தகத்தை மூடிவிட்டு அட்டைகளை வைத்து 'ட', 'ப' என்று தொடங்கினோம். ஒரு மாதத்தில் ராணி, "ப... ட... ம்... படம்" என்று நிஜமாகவே படித்தாள். மாலதிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். அன்றைக்கு ராணியின் அம்மா வகுப்புக்கே வந்துவிட்டார். முந்திரி உடைத்து இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவர். பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"போன மாசம் வரைக்கும் எம்பொண்ணு புக்க எடுத்தா மழையாட்டம் கொட்டுவா. ஊரே பாத்துச்சு. நீங்க என்னமோ வைத்தியம் பண்றேன்னு அவளத் திக்குவாயாக்கிட்டீங்களேம்மா!"

மணலில் எழுதியது

அந்தக் கோடையில் ராணி எழுதுவதை நிறுத்திவிட்டாள். சிலேட்டைக் கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள், குச்சியைத் தொட மாட்டாள். மாலதி என்னைக் கூப்பிட்டாள். எங்கள் பயிற்சிக் கையேட்டில் 'எழுதுவதில் ஆர்வமின்மை' என்று ஒரு பாடமே உண்டு. எழுதியது நான். அதில் சொன்னபடி ஒரு தட்டில் மணலைப் பரப்பி, "குச்சியே வேணாம், விரலாலயே எழுது கண்ணு, விளையாட்டு மாதிரி" என்றேன். ராணி என்னைப் பார்த்தாள், மாலதியைப் பார்த்தாள், பிறகு எழுதினாள். 'அம்மா', 'படம்', 'பட்டம்'. ஒரு தப்பு இல்லை. நான் மாலதியைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோலத் தலையாட்டினேன்.

மணலில் அங்கங்கே ஈரமாக இருந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துத் திருப்பினேன். முந்திரிக்கொட்டை உடைக்கும்போது ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் வரும், பட்ட இடம் வெந்துபோகும். சீசன் என்பதால் அம்மாவோடு அவளும் உட்கார்ந்து உடைத்திருக்கிறாள். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோலே இல்லை. அந்த விரலால்தான் மூன்று வார்த்தை எழுதியிருக்கிறாள். ஏம்மா வலிக்குதுன்னு சொல்லலை என்று கேட்டேன்.

"நீங்க ரொம்பத் தூரத்துலேருந்து வந்திருக்கீங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

டீக்கடை பெஞ்சு

தமிழரசி காலனிப் பெண். அவள் ஊரில் காலனியை ஒட்டிய சமுதாயக் கூடத்தில் வகுப்பு. ஊர்த்தெருவிலிருந்து யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நிலபுலன் உள்ள ஒருவர், அஞ்சாவது படிக்கும் தன் மகனை அனுப்பினார். பையனுக்குப் படிப்பு சுத்தமாக வரவில்லை, பெரம்பலூர் டவுனில் ட்யூஷன் வைத்தும் பார்த்துவிட்டார். தமிழரசியிடம் மூன்று மாதத்தில் அவன் பஸ் போர்டு படித்தான், கடன் வாங்கிக் கழித்தான். அவனைப் பார்த்து இன்னும் மூன்று பிள்ளைகள் வந்தன. நான் ஆபீஸுக்கு எழுதிய அறிக்கையில் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன்.

அறிக்கை போய்ச் சேர்வதற்குள் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். நான் அந்த அப்பாவைப் பார்க்கப் போனேன். நாற்காலி போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். மரியாதையான மனிதர். டீச்சர் மேல் ஏதாவது குறையா என்று கேட்டேன். சேச்சே என்றார். மோரைக் குடித்துவிட்டு வந்தேன். தமிழரசியிடம், "அவங்க வூட்ல ஏதோ பிரச்னையாம்" என்று சொன்னேன். அவர் சொன்னதை அவளிடம் இன்றுவரை நான் சொன்னதில்லை:

"பொண்ணு நல்லாத்தான் சொல்லிக் குடுக்குது, அதுல ஒரு கொறையும் இல்லைங்க. ஆனா டீக்கடை பெஞ்சுல எம்பக்கத்துல உக்காந்திருந்த பய, அது ரோட்டுல வர்றதப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு 'வணக்கம் டீச்சர்'ங்கிறான். நாலு பேரு பாத்துட்டாங்கம்மா."

சராசரி

நிதி கொடுக்கிறவர்கள் வெளியூரிலிருந்து வந்து பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். மார்க்கு குறைந்தால் அடுத்த வருஷம் வகுப்பு இருக்காது என்று ஆபீஸில் என்னிடம் சொன்னார்கள். அதை நான் கொஞ்சமும் குறைக்காமல் டீச்சர்களிடம் சொன்னேன். சராசரி எடுப்பது எப்படி என்று பலகையில் போட்டும் காட்டினேன்.

மாலதியின் வகுப்பில் பதினாலு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து டக் டக்கென்று பதில் சொன்னார்கள். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ராணியைக் காணோம். கை ஆறாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதமும் காணோம். ரிஜிஸ்டரைப் புரட்டினால் அவள் பெயர் இருந்த இடத்தில் நேர்க்கோடு. விசாரித்தால், டீச்சர் வரவேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து அம்மாவோடு முழுநேரமும் முந்திரி உடைக்கிறாளாம், பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லையாம். வீட்டுக்குப் போய் நானும் மாலதியும் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தோம். பிள்ளை உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. திரும்பி நடக்கும்போது ஆத்திரம் தாங்காமல், உனக்கு எப்படி மனசு வந்தது என்று மாலதியைக் கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் குரலை உயர்த்தவில்லை.

"நீங்கதான மேடம் சராசரி கொறையக் கூடாதுன்னீங்க? அவ ஒருத்தி இல்லன்னா எவ்வளவு கூடுதுன்னு போட்டுப் பாத்தேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான் போட்டேன்."

காயின் போன்

இது தமிழரசி எனக்குச் சொன்னது. அவள் வகுப்பில் செல்வி என்று ஒரு பெண். ஆறாவது வந்தும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒரு லீவு நாள், காலை பத்து மணி இருக்கும். அவள் அப்பா வீட்டிலேயே பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டார். பூச்சி விழுந்து இரண்டு வருஷமாக விளைச்சல் இல்லை. பக்கத்துக் காட்டில் இருந்த சித்தப்பா ஓடிவந்து, அவரை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மாவும் பின்னாலேயே போய்விட்டார். என்ன மருந்து குடித்தார் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. பாட்டிலை எடுத்துப் போகவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சித்தப்பா ஊர்ப் பெட்டிக்கடைக்குப் போன் செய்தார். ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற காயின் போன். கடைக்கார அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆம்பளைகள் எல்லாம் காட்டில். செல்வியைக் கூப்பிட்டார்கள். அவள் வீட்டுக்கு ஓடிக் காலிப் பாட்டிலை எடுத்து வந்தாள். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் கடையின் நம்பரைச் சித்தப்பா சொல்லியிருந்தார், கடைக்கார அம்மா காசு போட்டு அதற்கு அடித்தார். பாட்டிலில் தமிழிலும் போட்டிருந்த மருந்தின் பெயர் நீளமானது, நானே நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பேன். செல்வி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பாதியில் டொய்ங் டொய்ங் என்று சத்தம் வந்து கட்டாகும். கடைக்கார அம்மா கல்லாவிலிருந்து இன்னொரு காசு போடுவார். செல்வி விட்ட இடம் தெரியாமல் முதல் எழுத்திலிருந்து தொடங்குவாள். நாலு காசு ஆனது. ஆனால் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

மூன்றாம் நாள் அப்பா செத்துப்போனார். பெயர் தெரிந்ததால்தான் மூன்று நாளாவது தாங்கினார், கொண்டுவந்ததே தாமதம் என்று டாக்டர் சொன்னாராம். தமிழரசி துக்கத்துக்குப் போனபோது செல்வி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டிருக்கிறாள்:

"நான் திக்காமப் படிச்சிருந்தா மொத காயின்லயே முடிச்சிருக்கலாம்லக்கா?"

குழாயடி

நிதி நின்றது. கடைசிக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தோம். அதில் 'ஆசிரியர்' என்று போடச் சொல்லி நான் ஆபீஸில் எவ்வளவோ கேட்டேன். சட்டச் சிக்கல் வரும் என்று 'தன்னார்வலர்' என்று அச்சடித்தார்கள். மாலதி கல்யாணமாகித் திருமானூர் பக்கம் போய்விட்டாள். தமிழரசி அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஐந்தாறு தனியார் பள்ளிகளில் ஏறி இறங்கினாள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷம் வேறு ஒரு வேலையாக ஒரு நர்சரிப் பள்ளிக்குப் போயிருந்தேன். பின்பக்கம் குழாயடியில், நீலச் சேலை கட்டிய ஒரு ஆயா, அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால், தமிழரசி. நான் அந்த நீலச் சேலையையே பார்த்தேன். அவள்தான் பேசினாள், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்:

"டீச்சர் வேலைக்கு டிகிரி வேணுமாங்க மேடம், இதுக்கு வேணாம்ட்டாங்க. அடிச்சு வெளிய அனுப்புற பிள்ளைங்கல்லாம் மூஞ்சி கழுவ எங்கிட்டதான் வருதுங்க. கழுவுற நேரத்துல என்ன வரலன்னு கேட்டு, அதச் சொல்லிக் குடுத்து அனுப்பிடுறேன்."

ஏழு வருஷம் பயிற்சி கொடுத்து நான் உருவாக்கிய ஆகச்சிறந்த ஆசிரியை, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பாடம் நடத்தத் தெரிந்த ஒரே ஆயா.