வீட்டுக்கு ஒரே பாஷை

கரஸ்பாண்டெண்ட் இருந்தார். பள்ளிக்கூடம் அவருடையது. அதற்கு முன் அந்தக் கட்டடம் அவருடைய வெல்ல மண்டி. மழை நாளில் சுவரில் இன்னும் ஈ மொய்க்கும். அவருக்குப் பக்கத்தில் ஹெட்மேடம். எதிரே, திருப்பதியிலிருந்து கார் வைத்து வரவழைத்த ஸ்பெஷலிஸ்ட். என் கொழுந்தன், வீட்டுக்காரர் குவைத்தில் இருந்ததால் ஆம்பளைத் துணைக்கு வந்தவன். நான். மேசைக்கு அடியில் என் மகன். ஏழு வயது.

அவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவனைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்வதா, வைத்துக்கொண்டால் எப்படி என்று பேசத்தான் கூட்டம். பிளான் போடுகிறோம் என்றார்கள். சித்தூரில் நாங்கள் ஏறி இறங்கிய மூன்றாவது பள்ளிக்கூடம் அது. அதுவும் இல்லையென்றால் அவனுக்கு வீடுதான்.

மேசை மேல் ஒரு தட்டு மிக்சர். பேச்சு தொடங்கும் முன்பே பாதி தீர்ந்திருந்தது.

நான் இரண்டு விஷயம் கேட்டேன். கதவோரம் உட்கார வையுங்கள். பெல் அடிக்கும் முன் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லாமல் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான். சொல்லிவிட்டால் மோதமாட்டான்.

"இன்னாம்மா, உன் புள்ளகிட்ட பர்மிசன் வாங்கிக்கினு பெல்லு அடிக்கணுமா?" என்றார் கரஸ்பாண்டெண்ட். கொழுந்தன்தான் முதலில் சிரித்தான்.

"மீரு இன்ட்லோ ஏ பாஷ மாட்லாடதாரு?" என்று ஹெட்மேடம் கேட்டார். வீட்டில் என்ன பாஷை என்று.

"தமிழ் மேடம்."

"தெருவுல?"

"தெலுங்கு."

"இங்க இங்கிலீஷ். மூணு பாஷை. அதான் சார், பிள்ளை குழம்பிப் போயிருக்கு."

ஸ்பெஷலிஸ்ட் தலையாட்டினார். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்க்கவில்லை. விரலில் ஒட்டிய மிக்சர் தூளை நக்கினார். அதே விரலால் தாளைத் திருப்பினார்.

"ஒரே லாங்வேஜ் வெச்சிக்கோங்க. இங்கிலீஷ். வீட்லயும் அதான். அம்மா தமிழ் பேசறத சுத்தமா நிறுத்தணும்."

நான் வாயைத் திறந்தேன்.

"செஞ்சிடலாம் சார்," என்றான் கொழுந்தன். "அண்ணி, நீங்க சும்மா இருங்க."

"ஊர்ல பாதிப் பேரு அமெரிக்கா போய்க்கினு கீறான்," என்றார் கரஸ்பாண்டெண்ட். "நாளைக்கு உன் புள்ள ஏரோப்ளேன் ஏறி, தமிழ்லயா தண்ணி கேப்பான்?" வாய் நிறைய மிக்சரோடு சொன்னார். கீழுதட்டில் ஒரு கடலைத் தோல் ஒட்டிக்கொண்டு ஆடியது. இன்றும் எனக்கு மிக்சர் இறங்காது.

அப்போது பெல் அடித்தது. மகன் காதைப் பொத்தினான். நான் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"மூணு அடி. அடிச்சி ஓஞ்சிடும். அம்மா கீறேன்."

"ஓஞ்சிடும். அம்மா கீறேன்," என்று அவனும் சொன்னான். பெல் ஓய்ந்தது. தலை எங்கும் மோதவில்லை.

மேசைக்கு மேலே ஹெட்மேடத்தின் குரல் கேட்டது. "பாத்தீங்களா சார்? இங்க வந்தும் தமிழ்."

பிளான் முடிந்தது. வீட்டில் தமிழ் நின்றால் பையன் இருக்கலாம். நிற்காவிட்டால் டிசி. கதவையும் பெல்லையும் யாரும் மறுபடி பேசவில்லை. கொழுந்தன் கையெழுத்துப் போட்டான். தட்டு காலி.

அன்று ராத்திரியே குவைத்திலிருந்து போன் வந்தது. "படிச்சவங்க சொல்றாங்க. செஞ்சிதான் பாரேன்," என்றார் வீட்டுக்காரர்.

செய்தேன். காலையில் "கம்" என்றேன். தட்டை வைத்து "ஈட்" என்றேன். "துன்னு" என்றால் கையை வைப்பவன், "ஈட்" என்றதும் என் வாயைப் பார்த்தான். மதில் மேல் காக்கா வந்து உட்கார்ந்தது. "மா, காக்கா," என்றான். காக்காவுக்கு என்ன சொல்வது? "எஸ்" என்றேன். மறுநாளும் காக்கா வந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் எங்கள் தெரு வழியாகக் கல்யாண பேண்டு போனது. ஓடி வந்தான். காதைப் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்து நின்றான். நான் சொல்ல வேண்டியதை நான் சொல்வதற்காக நின்றான். இங்கிலீஷில் அது என்னிடம் இல்லை. "நோ, நோ," என்றேன். சுவரில் மோதினான். நெற்றி பிளந்தது.

முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு தமிழில் சொன்னேன். பேண்டு தெருமுனை தாண்டும் வரை சொன்னேன். கடைசியில் அவனும் சொன்னான்.

தையல் போட்ட நெற்றியோடு அவனை அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கடைசி முறையாகக் கூட்டிப் போனேன். ஹெட்மேடம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். எங்களைப் பார்த்தும் மூடவில்லை.

"இனிமே வீட்ல தமிழ்தான் மேடம். சீட்ட கிழிக்கணும்னா கிழிச்சிக்குங்க."

"ஒரு வாரம் முழுசா ஆகல. அதுக்குள்ளயா? இங்கிலீஷ்ல பேச உங்களுக்கு அப்படி என்ன கஷ்டம்?"

"எனக்குத் தெரிஞ்ச வார்த்தைய நேத்து எண்ணிப் பாத்தேன் மேடம். பஸ்ஸு, சோப்பு எல்லாம் சேக்கல."

"எத்தனை?"

"பதினொண்ணு."