தீவிரக் கொள்கையிலிருந்து பிள்ளைகளைக் காத்த ஆண்டியப்பன் வாத்தியார்

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆண்டியப்பன் வாத்தியார் ஒருவர்தான். ஐந்து வகுப்பு, ஒரே அறை, அறுபது பிள்ளைகள். கொழுந்தெடுக்கிற தாய்க்கு லயத்து வரிசை வீட்டில் பிறந்து, எட்டாவது வரை படித்து வாத்தியாரான மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போவார். தோட்டத்து நிர்வாகியான துரையைக் கண்டால் மட்டும் அம்மனுக்குக் குனிவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குனிவார். பள்ளிக்கூடத்தைக் கூட்டி மணியடிக்கிற வேலை எனக்கு. ஆகையால் இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை.

ஐம்பத்துநாலாம் வருஷம் தொழிற்சங்கத்துக்காரர்கள் லயத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் கூட்டம். பெரியவர்களுக்கு எழுத்துத் தெரியாது. ஐந்தாம் வகுப்புப் பூரணிக்குத் தெரியும். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சுற்றி நின்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பாதித் தோட்டம் ஹட்டனில் இருந்தது.

துரைக்கு விஷயம் விளங்கிவிட்டது. நோய் சங்கத்தில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது! பிள்ளைகளைத் தீவிரக் கொள்கையிலிருந்து காப்பாற்ற அன்றே உத்தரவு போட்டார். இனி வாசிப்புப் பாடம் கிடையாது. அந்த நேரத்தில் பிள்ளைகள் பங்களாவில் புல் பிடுங்கலாம். புல் பிடுங்கிய எவனும் கலகம் செய்ததில்லை என்பது அவர் நம்பிக்கை. எவ்வளவு நல்ல மனம்! நோட்டீஸ் படித்த பிள்ளையின் பேரையும் இடாப்பிலிருந்து, அதாவது பள்ளிக்கூடப் பதிவேட்டிலிருந்து, வெட்ட வேண்டும்.

பேரை வெட்டினால் மறுநாளே பூரணியின் முதுகில் கொழுந்துக் கூடை ஏறும். அவள் தாய் மீனம்மா ஓடி வந்தாள்.

“சார், ஒங்க காலப் புடிச்சுக்கிறேன். புள்ள பேர மட்டும் வெட்டிறாதீங்க.”

“நான் என்னம்மா செய்வேன்? படிச்சது தப்பாப் போச்சே.”

“நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?”

வாத்தியார் அப்போதே புறப்பட்டார். நேரே துரையிடம் போய்க் கைகட்டி நின்று, அந்தப் பிள்ளைக்கு வாசிக்கவே தெரியாது, யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறது என்றார். பொய் சொல்லிப் பழகாத மனிதருக்கு வேர்த்துவிட்டது.

துரை சோதித்துப் பார்க்க வந்தார். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதால் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் இராசமணியும் கூட வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அதே நோட்டீஸைப் பூரணியிடம் நீட்டினார்.

“எங்கை, வாசி பாப்பம்.”

வாத்தியார் முதல் நாளே பூரணிக்குச் சொல்லி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும்விட நன்றாகப் படிக்கிறவள் முதல் சொல்லிலேயே நின்றாள்.

“தொ... தொட்...”

“தொட்டியோ?” என்றார் கிளாக்கர்.

“தெரியலீங்க ஐயா.”

பக்கத்தில் இருந்த வேலாயிக்குப் பொறுக்கவில்லை. “தொழிலாளர்டி...” என்று ஆரம்பித்தாள். வாத்தியாருக்குத் திடீரென்று பெரிய இருமல் வந்தது. நானும் நேரமாகாமலே மணியை அடித்து வைத்தேன். அம்மன் மன்னிக்கட்டும்.

துரைக்குப் பரம திருப்தி. ஐந்து வருஷம் படித்தும் ஒரு சொல் வராத பிள்ளை! வாத்தியாரின் தோளில் தட்டினார். பேரை வெட்ட வேண்டாம் என்றார். இந்த மாதிரி வாசிப்புப் பாடத்தால் ஆபத்தில்லை, தாராளமாக நடத்தலாம் என்றும் சொன்னார். அதுவரை யாருமே எங்கள் பள்ளிக்கூடத்தைப் பாராட்டியதில்லை.

மறுநாள் வாத்தியார் பூரணியிடம் புத்தகத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“படிம்மா.”

“தெரியாதுங்க சார்.”

“தொரை இல்லம்மா இங்க.”

“ரோட்டுல ஆளு போகுதுங்க சார். கேட்டுச்சுன்னா பேர வெட்டிருவாங்க.”

வாத்தியார் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தார். பிறகு போய்க் கதவைச் சாத்தினார். ரோட்டுப் பக்கத்து ஜன்னலையும் சாத்திவிட்டு வந்து, அவள் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

“இப்பப் படி. மெதுவா.”

நாலாவது வரியில்தான் அவளுக்குக் குரல் வந்தது.