பூஜை அறைத் தாழ்ப்பாள்

சுந்தரராமனுக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. எழுபத்து நாலு வயதில் அதைப் பற்றி மனதுக்குள் ஒருவழியாகப் பேசி முடித்திருந்தார். அவர் பயந்தது தரைக்கு.

அந்தப் பயத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர் கணேசமூர்த்தி. காக்ஸ் டவுன் பக்கத்துப் பார்க்கில் பதினொரு வருடம் இருவரும் சேர்ந்து நடந்தவர்கள். ஒரு திங்கட்கிழமை காலை கணேசமூர்த்தி தன் வீட்டுச் சமையலறையில் வழுக்கி உட்கார்ந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மனைவி முன்பே காலமாகியிருந்தாள். மகன் ரகு ஆபீஸ் வேலையாக ஹைதராபாத் போயிருந்தான். வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. மறுநாள் மத்தியானம் கதவை உடைத்துத்தான் அவரைத் தூக்கினார்கள்.

சுந்தரராமன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது, "வலி கூட இல்ல சார். மேல ஃபேன் சுத்திட்டே இருந்துச்சு. அதையே பாத்துட்டுக் கெடந்தேன்" என்றார் கணேசமூர்த்தி. பன்னிரண்டு நாளில் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து சுந்தரராமனுக்குத் தன் வீட்டுத் தரை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஜீவனஹள்ளியில் முதல் மாடி வீடு. அரசுத் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தபோது கடன் போட்டுக் கட்டியது. சிவப்பு சிமெண்ட் தரை, மனைவி கோமளம் தினமும் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கலாம் போலிருக்கும். அதில் கால் வைக்கும்போதெல்லாம் சுவரைத் தொட்டுக்கொண்டார். மகன் அபினவ் ஒயிட்ஃபீல்டில், மகள் அம்ருதா மைசூரில். அவர்களிடம் சொன்னால் தன்னையும் கோமளத்தையும் மூட்டை கட்டி முதியோர் அபார்ட்மென்ட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

நடையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மழையோ பனியோ, காலை ஆறு மணிக்கு ஐந்து சுற்று. சர்க்கரை கட்டுக்குள். ரத்த அழுத்தத்துக்கு ஒரே ஒரு மாத்திரை. பார்க் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் அவர் சொல்லாத ஆள் கிடையாது. கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

அந்தப் பெருமைக்கு உஷா ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டு வைத்தாள். பார்க்கில் வயதானவர்களுக்கு இலவச முகாம் நடத்த வந்த பிசியோதெரபிஸ்ட் அவள். புல்லில் பாய் விரித்து, "அங்கிள், கீழ உக்காந்து எழுந்திருங்க பாக்கலாம். நிதானமா" என்றாள்.

உட்கார்ந்தார். எழுந்திருக்கப் போனார். கை தரையை அழுத்தியது, முழங்கால் கேட்கவில்லை. டைனிங் டேபிள் வாங்கிப் பன்னிரண்டு வருடம். சந்தியாவந்தனத்துக்கு நாற்காலி. கோயிலில் சுவரோரமாக நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். தரையில் உட்கார்ந்தே எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

"பரவாயில்ல அங்கிள், பழகினா வரும். ஒருக்களிச்சுத் திரும்புங்க. கை, முட்டி நாலும் ஊனித் தவழ்ந்து ஒரு கெட்டியான சாமான்கிட்ட போங்க. அதைப் பிடிச்சுட்டு ஒரு கால் முன்னால வெச்சு எழுந்திருங்க."

தவழ்வதா? நாலு பேர் பார்க்க, கெஜட்டட் ஆபீசரா தவழ்வது? சிரித்து மழுப்பிவிட்டு வந்தார்.

ஆனால் பயம் விடவில்லை. கோமளத்துக்குத் தெரியாமல் வீட்டில் பழகலாம் என்று முடிவு செய்தார். தெரிந்தால் திட்டுவாள், தடுப்பாள், அதைவிட மோசம், பயப்படுவாள். இடம் பூஜை அறைதான். காலையில் மடி வேஷ்டி கட்டிக்கொண்டு, "ஆயிரத்தெட்டு காயத்ரி ஜபம் பண்ணப் போறேன். நடுவுல கூப்பிடாதே" என்று சொல்லி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கோமளத்துக்கு ஒரே சந்தோஷம். ஜபத்தில் இருப்பவரிடம் பேசக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது என்பதில் அவள் படு கண்டிப்பு. பக்கத்து வீட்டு மிக்ஸியைக்கூட மெதுவாக ஓட்டச் சொன்னாள்.

தவழ்வது மட்டும் அவர் பாடத்தில் இல்லை. சம்மணத்திலிருந்து அந்தக் காலம் போல நேராக எழ வேண்டும் என்று வீம்பு. சுவரைப் பிடித்து, வியர்த்து விறுவிறுத்து, தினம் இரண்டு தடவை எழுந்தார்.

அந்த நாட்களில்தான் ஒரு காலை பார்க்கிலிருந்து திரும்பியபோது காபி தயாராக இல்லை. கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. "பால் பாக்கெட் லேட்டா வந்தது" என்றாள் கோமளம். அவர் மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் உட்கார்ந்தார். அன்றைக்குக் கொஞ்சம் நிஜமாகவே ஜபம் பண்ணுவோமே என்று கண்ணை மூடியதுதான் தப்பு. கால் மரத்துப்போனது. எழுந்திருக்க உடம்பைத் தூக்கியதும் இடது கால் இருக்கும் இடமே தெரியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து தொப்பென்று விழுந்தார். முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கவஸ்திரத்தின் நுனி அதன் அடியில் கிடந்தது. மெதுவாக, மிக மெதுவாக அதை இழுத்துக்கொண்டார்.

வெளியே கோமளத்தின் குரல். "தொப்புன்னு சத்தம் கேக்கறதே, நமஸ்காரத்தை நிதானமாப் பண்ணுங்கோ. கீழ் வீட்டு ஜூலியாவுக்கு ஜுரமாம், கஞ்சி குடுத்துட்டு அப்படியே மார்க்கெட் போயிட்டு வரேன். கதவை வெளில பூட்டிக்கறேன். நீங்க பதில் சொல்ல வேண்டாம், ஜபம் கெட்டுடும்."

கூப்பிட்டிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. கூப்பிட்டால் இத்தனை நாள் சொன்ன பொய் அம்பலமாகும், கோவணம் கட்டாத குழந்தை மாதிரி கிடப்பதை அவள் பார்ப்பாள் என்று ஒரு நொடி தயங்கினார். அந்த ஒரு நொடியில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு, "கோமளம், கோமளம்" என்று கத்தினார். படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று.

உள்ளே தாழ், வெளியே பூட்டு. செல்போன் ஹாலில் சார்ஜில். மார்க்கெட் போனால் அவள் திரும்ப ஒன்றரை மணி நேரம். வழியில் அவளுக்கே ஏதாவது ஆகிவிட்டால்? மல்லாந்து மேலே பார்த்தார். பூஜை அறையில் ஃபேன் இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அப்பா இறந்தபோதுகூட அப்படி அழுததில்லை.

எவ்வளவு நேரம் கிடந்தாரோ தெரியாது. விளக்கில் எண்ணெய் இறங்கியிருந்தது. திரி சாய்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வீம்பு விட்டுப்போயிற்று. ஒருக்களித்தார். முழங்கையை ஊன்றினார். கையும் முட்டியுமாக நாலு காலில் நின்றார். சுவாமி படங்களெல்லாம் பார்க்க, அந்த செக்‌ஷன் ஆபீசர் தவழ்ந்தார்.

பிடித்துக்கொள்ள எது கெட்டி? சுவாமி அலமாரியை இழுத்தால் தலையில் விழும். மூலையில் அரிசி டிரம் இருந்தது. "சுவாமி ரூம்ல அரிசி டிரம் எதுக்கு, மளிகைக் கடையா இது?" என்று வருடக்கணக்காக அவர் கோமளத்தோடு சண்டை போட்ட டிரம். நிரம்பியிருந்ததால் அசையவில்லை. இரண்டு கையையும் அதன் மேல் வைத்தார். வலது காலை முன்னால் ஊன்றினார். மூச்சைப் பிடித்து எழுந்தார். விழுந்துவிடுவோம் என்றே கடைசி வரை நினைத்தார். விழவில்லை. தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, ஹாலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கோமளம் வந்ததும் முதலில் பார்த்தது அவர் முட்டியை. தோல் உரிந்திருந்தது.

"விழுந்தேளா?"

"ஆமா. எழுந்துக்க முடியலை." எல்லாவற்றையும் சொன்னார். கணேசமூர்த்தி, பார்க்கில் எழ முடியாமல் போனது, ஜபம் என்று சொன்ன பொய், எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குப் பால் ஒண்ணும் லேட்டா வரலை" என்றாள்.

"எந்தப் பால்?"

"காபி இல்லேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிண்டேளே, அன்னிக்கு. பாத்ரூம்ல வழுக்கி உக்காந்துட்டேன். எழுந்துக்க முடியலை. உள்ள தாழ் போட்டிருந்தேன். கத்தினேன், யாருக்கும் கேக்கலை. முக்கால் மணி நேரம் கழிச்சு எப்படியோ குழாயைப் பிடிச்சுண்டு எழுந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"கணேசமூர்த்தி போனதுலேர்ந்து நீங்க தூக்கத்துல கூடப் பதறறேள். இதை வேற எப்படிச் சொல்றது?"

அந்த முக்கால் மணி நேரம் தான் எங்கே இருந்தோம் என்று அவருக்கு நினைவு வந்தது. ஐந்து சுற்று முடித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, தன் ஆரோக்கிய ரகசியத்தை யாரோ ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவமானமாக இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது. இத்தனை நாள் அவர் தான் ஒருவன் விழுவதை மட்டும்தான் நினைத்துப் பார்த்திருந்தார்.

எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தார். பூஜை அறைத் தாழ்ப்பாள், பாத்ரூம் தாழ்ப்பாள் இரண்டையும் கழற்றினார். துருப்பிடித்த திருகுகள், நேரம் பிடித்தது. கோமளம் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவர் பார்க்குக்குப் போகவில்லை. கோமளத்தோடு சேர்ந்து அரிசி டிரம்மைத் தள்ளித் தள்ளி ஹாலுக்குக் கொண்டுவந்தார். வாசல் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு ஜமக்காளத்தை விரித்தார். கோமளம் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் வெளுத்திருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு. உக்காந்து எழுந்துக்க முடியலேன்னா?"

"எனக்கும்தான்" என்றார் சுந்தரராமன். டிரம்மின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் தான் தரையில் இறங்கினார்.